ஃப்ரீக்வென்சி ஷிஃப்டர்: உறுமி, தப்பு, பெரட்டு மணியோடு வேலை செய்பவர்களுக்கான கேள்வி பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் உறுமி மேளக் குழுக்களில் வாசிக்கும் பிள்ளைகள் பலர் இப்போது மடிக்கணினியில் எலக்ட்ரானிக் இசையும் செய்கிறார்கள். திருவிழாவில் பதிவு செய்த அடியை எடுத்துக்கொண்டு என் வீட்டு ஸ்டுடியோவுக்கு வருவார்கள். ஒலியின் அதிர்வெண்களை இடம்பெயர்க்கும் ஃப்ரீக்வென்சி ஷிஃப்டர் என்ற எஃபெக்ட் பற்றி அவர்கள் கேட்டவற்றையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் நம் தோட்டப்புறத்து ஓசைகள். கணக்கு எந்த மென்பொருளுக்கும் பொருந்தும்.

அண்ணே, இதுவும் பிட்ச் ஷிஃப்டரும் ஒன்றுதானே?

இல்லை. இந்த வேறுபாடு புரிந்துவிட்டால் மற்ற பதில்களில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

220 ஹெர்ட்ஸில் ஒரு சுரம் ஒலிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதனுள்ளே 220 மட்டும் இருப்பதில்லை. 440, 660, 880 என்று மேற்சுரங்களும் அடுக்காக இருக்கும். எல்லாமே 220-இன் மடங்குகள் என்பதால்தான் காது அவற்றைச் சேர்த்து ஒரே சுரமாகக் கேட்கிறது. பிட்ச் ஷிஃப்டர் அத்தனையையும் ஒரே எண்ணால் பெருக்கும். ஒன்றரையால் பெருக்கினால் 330, 660, 990, 1320. மடங்கு உறவு குலையவில்லை, சுரம் உயர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஃப்ரீக்வென்சி ஷிஃப்டர் பெருக்காது, கூட்டும். 100 ஹெர்ட்ஸ் என்று வைத்தால் 320, 540, 760, 980. இப்போது 540 என்பது 320-இன் இரு மடங்கு இல்லை. மற்றவையும் அப்படித்தான். அடுக்கு குலைந்ததும் காதுக்கு எது அடிப்படைச் சுரம் என்று பிடிபடாது. அந்த உலோகத்தன்மை, அந்த அந்நியத்தன்மை வருவது இதனால்தான்.

எத்தனை ஹெர்ட்ஸ் வைக்க வேண்டும்?

முதலில் குமிழை முழுக்கத் திருப்பும் பழக்கத்தை விடுங்கள். இந்தக் கருவியின் அழகெல்லாம் சின்ன எண்களில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

2 ஹெர்ட்ஸுக்குக் கீழே, மூல ஒலியோடு பாதிப் பாதி கலந்தால், ஒலி மெல்ல ஏறி இறங்கும், உயிரோடு அசைவது போல இருக்கும். 3 முதல் 15 வரை போனால் துடிப்பும் சுருதி விலகலும் சேர்ந்து வரும். 20-ஐத் தாண்டினால் துடிப்பு கரகரப்பாகிவிடும். 50, 100 என்று போகும்போது மணியோசை, தகர ஓசை. பல நூறு ஹெர்ட்ஸில் மூல ஒலி எது என்றே அடையாளம் தெரியாது.

ஒரே எண் எல்லா இடத்திலும் ஒரே அளவு வேலை செய்யாது என்பதையும் கவனியுங்கள். 110 ஹெர்ட்ஸில் இருக்கும் பேஸ் சுரத்தோடு 5 ஹெர்ட்ஸ் கூட்டினால் அது முக்கால் செமிட்டோனுக்கும் (செமிட்டோன் என்பது விசைப்பலகையில் அடுத்தடுத்த இரு விசைகளின் இடைவெளி) சற்று மேலே ஏறிவிடும். அதே 5 ஹெர்ட்ஸ் 880-இல் பத்து சென்ட் (செமிட்டோனில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) கூட வராது, பலருக்குக் காதிலேயே படாது. அதாவது கீழ்ச்சுரங்கள்தான் முதலில் உடையும். அதனால் இந்தக் கருவியைப் போடுவதற்கு முன் ஒலியை இரண்டாகப் பிரித்து, 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைத் தொடாமல் விட்டு, மேலே உள்ளதற்கு மட்டும் ஷிஃப்டர் போடுங்கள். கிக்கும் பேஸும் உறுதியாக நிற்கும், மேலே வேடிக்கை நடக்கும்.

தாளத்தோடு ஒத்துப் போகும்படி வைக்க முடியுமா?

முடியும், பலர் தவறவிடும் வசதி இது. மூல ஒலியையும் பெயர்த்த ஒலியையும் சம அளவில் கலந்தால், எத்தனை ஹெர்ட்ஸ் பெயர்த்தோமோ விநாடிக்கு அத்தனை துடிப்பு வரும். ஆகவே பாட்டின் பிபிஎம்மை, அதாவது நிமிடத்துக்கு எத்தனை அடி என்ற எண்ணை, 60-ஆல் வகுத்தால் கிடைக்கும் எண்ணை வையுங்கள். 120 பிபிஎம் என்றால் 2 ஹெர்ட்ஸ், அடிக்கு ஒரு துடிப்பு. 90 என்றால் 1.5. அரை அடிக்கு ஒன்று வேண்டுமென்றால் இரட்டிப்பாக்குங்கள். ஒலி அளவை ஏற்றி இறக்கும் சாதாரண ட்ரெமலோ போலத்தான் தோன்றும். ஆனால் அதோடு ஒரு டிலேயோ (எதிரொலி) ரிவர்போ (அறை முழக்கம்) சேர்ந்தால், ஒவ்வொரு அதிர்வெண்ணும் வேறு வேறு நேரத்தில் துடிக்க ஆரம்பிக்கும். அந்த அசைவை ட்ரெமலோவால் தர முடியாது.

உறுமியிலும் தப்பிலும் போட்டால் அருமையாக இருக்கிறது, மிருதங்கத்தில் போட்டால் கெட்டுப்போகிறது. ஏன் அண்ணே?

இந்தக் கேள்வியைக் கேட்ட தம்பிக்கு நல்ல காது. அதற்கான பதில் நூறு ஆண்டுகளாகவே இருக்கிறது.

வெறும் தோலை வட்டமாக இழுத்துக் கட்டி அடித்தால் அதன் அதிர்வெண்கள் 1, 1.59, 2.14, 2.30 என்ற விகிதத்தில் வரும். எதுவும் முழு மடங்கு இல்லை. தப்பு ஏறக்குறைய இந்த வகை: மரவளையம், ஒரு பக்கத் தோல், தீயில் காட்டி முறுக்கேற்றி அடிக்கிறோம். அதில் தெளிவான ஒரு சுரம் இல்லை, ஓங்கிய ஓசைதான் இருக்கிறது. அதோடு 40 ஹெர்ட்ஸ் கூட்டினாலும் 70 கூட்டினாலும் குலைவதற்கு அங்கே அடுக்கே இல்லை. வேறு அளவில், வேறு தோலில் செய்த இன்னொரு தப்பு போலக் கேட்கும்.

மிருதங்கத்தின் வலந்தலை அப்படி இல்லை. நடுவில் அப்பியிருக்கும் கருஞ்சாந்து தோலின் எடையை மாற்றி, அந்த ஒழுங்கற்ற அதிர்வெண்களை முழு மடங்குகளுக்கு இழுத்துவிடுகிறது. சி.வி. ராமன் இதை 1920-இல் நேச்சர் இதழில் எழுதினார். பின்னர் 1930களில் விரிவாகவும் ஆராய்ந்தார். இப்படிச் சாந்து அப்பிய இந்தியத் தோற்கருவிகளில் அடிப்படைச் சுரத்தையும் சேர்த்து ஐந்து அதிர்வெண்கள் வரை முழு மடங்குகளாக அமைகின்றன என்பது அவர் காட்டியது. எத்தனையோ தலைமுறை கைவினைஞர்கள் காதால் கேட்டுக் கேட்டுக் கட்டிய அந்த ஒழுங்கை ஷிஃப்டர் 10 ஹெர்ட்ஸிலேயே கலைத்துவிடும். மிருதங்கத்தில் போடவே கூடாது என்று சொல்லவில்லை. கலைவதற்கு அங்கே ஒன்று இருக்கிறது என்று தெரிந்து போடுங்கள்.

உறுமி இன்னொரு வகை. வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது வரும் அந்த முனகல் ஏற்கனவே வழுக்கிக்கொண்டே இருக்கிறது. காது நிலையான சுரத்தை அங்கே எதிர்பார்க்கவில்லை. அதனால் ஷிஃப்டரின் அளவையும் வழுக்கவிடலாம். ஒலியின் அளவைப் பின்தொடரும் என்வலப் ஃபாலோயர் வைத்து, ஓசை பெருகும்போது 0-விலிருந்து 60 ஹெர்ட்ஸ் வரை ஏறும்படி அமைத்துப் பாருங்கள். தேய்ப்பு அழுத்தமாக விழும் இடத்தில் முனகல் தன் உயரத்தைத் தாண்டி மேலே கிழித்துக்கொண்டு போகும். எனக்கு இந்தக் கருவியில் மிகவும் பிடித்த ஒலி இது.

தோட்டத்துப் பெரட்டு மணியை (காலையில் ஆட்களைக் கூட்ட அடிக்கும் மணி) பதிவு செய்திருக்கிறேன். அதில் போடலாமா?

தாராளமாக. தொங்கவிட்டு அடிக்கும் தண்டவாளத் துண்டு என்றால் இன்னும் நல்லது. இரு முனையும் கட்டுப்படாமல் அதிரும் உலோகப் பட்டையின் அதிர்வெண்கள் ஏறக்குறைய 1, 2.76, 5.40 என்ற விகிதத்தில் வரும். 400-இல் ஒலிக்கும் துண்டு என்றால் மேலே 1100 பக்கமும் 2160 பக்கமும் இருக்கும். 150 ஹெர்ட்ஸ் கூட்டினால் 550, 1250, 2310. விகிதம் மாறிவிட்டது, ஆனாலும் மணியாகவே கேட்கும், வேறு உலோகத்தில் வார்த்த மணி போல. ஒரே அடியின் நான்கைந்து படிகளுக்கு வெவ்வேறு எண் கொடுத்தால் முழு மணிக்கூட்டமே கிடைக்கும். பதிவு செய்த ஒலியை விசைப்பலகையில் வாசிக்க வைக்கும் சாம்ப்ளரில் விசைகளுக்குப் பரப்பி வாசிப்பதைவிட இது இயல்பாக இருக்கும். சாம்ப்ளர் சுரத்தை ஏற்றும்போது தேய்வின் (ஒலி மெல்லத் தேய்ந்து அடங்கும் பகுதியின்) நீளத்தையும் சுருக்கிவிடும், ஷிஃப்டர் அதைத் தொடாது.

இந்த மணியை அடித்துக் காலையில் ஆட்களைக் கூட்டிய தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. மணி இன்னும் எங்காவது தொங்கினால், எஃபெக்ட் போடுவதற்கு முன்னால் அதன் சுத்தமான பதிவு ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

தகரக்கூரையில் மழை பெய்யும் ஓசைக்கு?

பெரிதாக ஒன்றும் நடக்காது. எல்லா அதிர்வெண்ணும் நிறைந்த இரைச்சலோடு 100 ஹெர்ட்ஸ் கூட்டினாலும் அது இரைச்சல்தான். அதற்கு ஃபில்டரைத் தேடுங்கள்.

டிலேயோடு சேர்த்தால் ஒலி மேலே மேலே போகிறதே, அது எப்படி?

ஷிஃப்டர் ஃபீட்பேக் வளையத்துக்குள், அதாவது எதிரொலி மறுபடி டிலேக்குள் திரும்பும் பாதையில், இருந்தால்தான் அப்படி வரும். டிலேக்கு முன்னாலோ பின்னாலோ வைத்தால் எல்லா எதிரொலியும் ஒரே அளவு பெயர்ந்து நின்றுவிடும். வளையத்துக்குள் இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் மறுபடி ஒருமுறை கூட்டப்படும்.

180 ஹெர்ட்ஸில் ஓங்கி ஒலிக்கும் ஒரு தப்படியை எடுத்து, 12 ஹெர்ட்ஸ் வைத்துப் பார்ப்போம். எதிரொலிகள் 192, 204, 216 என்று ஏறும். முதல் தாவலில் ஒரு செமிட்டோனுக்கு மேல் ஏறும். 360-ஐத் தொடும்போது அதே 12 ஹெர்ட்ஸ் அரை செமிட்டோன்தான். அதாவது ஏற்றம் போகப் போக நிதானப்படும்.

இறக்கம்தான் இன்னும் சுவாரசியம். கழித்தல் 30 என்று வையுங்கள். 150, 120, 90, 60, 30. இறங்க இறங்க வேகம் கூடிக்கொண்டே போகும். ஆறாவது எதிரொலியில் சுழியம், அங்கே அந்த அதிர்வெண் மறைந்துவிடும். ஏழாவதில் கழித்தல் 30. எதிர்மறை அதிர்வெண் என்று காதுக்கு ஒன்று கிடையாது, அதை 30 ஆகவே கேட்கும். அப்புறம் 60, 90 என்று திரும்ப ஏறும். அடிப்பகுதி இப்படி ஏறிக்கொண்டிருக்க, மேலே உள்ள அதிர்வெண்கள் இன்னும் இறங்கிக்கொண்டுதான் இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று கடந்து போகும் அந்த இடத்துக்காகவே ஒரு பாட்டில் நான்கு பார் (தாளச் சுற்று) வெற்றிடம் விடலாம்.

இன்னொரு நன்மை: ஒலி ஒரே அதிர்வெண்ணில் தங்காமல் நகர்ந்துகொண்டே இருப்பதால், ஃபீட்பேக்கை 90 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றினாலும் சாதாரண டிலே போல உடனே ஓலமிடாது. ஏற்றத்தில் போகும்போது வளையத்துக்குள் மேல் அதிர்வெண்களை வெட்டும் ஒரு ஹை கட் வையுங்கள், மேலே சீறல் சேராமல் இருக்கும்.

முடிவே இல்லாமல் ஏறிக்கொண்டே இருக்கும் ஃபேசர் ஒலியை எப்படிச் செய்வது?

ஷிஃப்டரை 0.2 ஹெர்ட்ஸில் வையுங்கள். பெயர்த்த ஒலியை மட்டும் 5 மில்லி விநாடி தாமதப்படுத்தி, மூலத்தோடு சம அளவில் கலக்குங்கள். அதிர்வெண் பரப்பில் 200 ஹெர்ட்ஸுக்கு ஒன்றாகப் பள்ளங்கள் விழும். அவை மேல்நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு பள்ளம் அடுத்ததன் இடத்துக்கு வர 5 விநாடி ஆகும். கீழ்நோக்கி வேண்டுமானால் கழித்தல் 0.2. தாமதம் வைக்க மறந்தால் எல்லாம் ஒரே நேரத்தில் அடங்கி எழும், வெறும் ட்ரெமலோதான் கிடைக்கும்.

பாடும் குரலில் போடலாமா?

பேச்சு என்றால் தாராளமாக. அமெச்சூர் வானொலிக்காரர்கள் பேசும் சிங்கிள் சைட்பேண்ட் வானொலியைச் சரியாகத் திருப்பாமல் கேட்டால் குரல் வாத்துக் குரலாகத் தெரியும் அல்லவா, அது இதே விளைவுதான். அங்கே நிகழ்வது தற்செயலான அதிர்வெண் பெயர்ப்பு.

சுருதியோடு பாடும் குரலில் மிகவும் கவனம் வேண்டும். 200 ஹெர்ட்ஸில் ஸட்ஜம் பிடிப்பவரின் குரலை 5 ஹெர்ட்ஸ் நகர்த்தினால் அது செமிட்டோனில் ஏறக்குறைய பாதி விலகிவிடும். பின்னணியில் தம்பூரா ஓடினால் கேட்கவே முடியாது. நேர்க்குரலைத் தொடாதீர்கள். குரலின் டிலேக்கும் ரிவர்புக்கும் போகும் கிளைத் தடத்தில் (send) மட்டும் 1 அல்லது 2 ஹெர்ட்ஸ் வையுங்கள். குரல் நடுவில் நிற்கும், அதன் நிழல் மட்டும் மெல்ல விலகிப் போகும். பக்திப் பாடலில்கூட இது உறுத்தாது.

சுரத்தைக் காப்பாற்றிக்கொண்டே ஒலியை மாற்ற வழியே இல்லையா?

ஒரு வழி உண்டு. அடிப்படை அதிர்வெண்ணின் பாதியை எண்ணாகக் கொடுங்கள். 110 ஹெர்ட்ஸ் சுரத்துக்கு 55 என்றால் 165, 275, 385 கிடைக்கும். இவை 55-இன் மூன்று, ஐந்து, ஏழு மடங்குகள். ஒழுங்கு மறுபடி வந்துவிடும், ஆனால் ஒற்றைப்படை மட்டும் இருப்பதால் கிளாரினெட் போல உள்ளீடற்ற குரல். சிந்தசைசரில் சுரம் மாறும்போதெல்லாம் ஷிஃப்டரின் எண்ணும் கூடவே மாற வேண்டும், ஆகவே விசைப்பலகையின் சுரத்தை அதோடு இணைக்கும் வசதி உள்ள மென்பொருளில்தான் இது சுலபம்.

ஹெட்ஃபோனில் பிரமாதமாக இருந்தது, கோவில் ஸ்பீக்கரில் போட்டதும் ஒலி காணாமல் போய்ப் போய் வந்தது. என்ன ஆயிற்று?

இடது பக்கம் கூட்டல், வலது பக்கம் கழித்தல் என்று வைத்திருப்பீர்கள். ஹெட்ஃபோனில் அது அகலமாக விரியும், கேட்கச் சுகமாக இருக்கும். ஆனால் திருவிழாப் பந்தலில் கம்பத்துக்குக் கம்பம் கட்டும் ஹார்ன் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் மோனோ. இடமும் வலமும் ஒன்றாகச் சேர்ந்ததும் அது ரிங் மாடுலேஷனாகிவிடும் (விளக்கம் அடுத்த கேள்வியில்). இருபுறமும் 0.5 ஹெர்ட்ஸ் வைத்திருந்தால் விநாடிக்கு ஒருமுறை ஒலி முழுக்க அடங்கி எழும். தீமிதிக்கோ ஊர்வலத்துக்கோ போகும் எதையும் மோனோவில் கேட்டுவிட்டு அனுப்புங்கள். ஒரு பக்கத்தை மூல ஒலியாக விட்டு மறுபக்கத்தை மட்டும் நகர்த்தினாலும் மோனோவில் அதே மறைவு வரும், வேகம் மட்டும் பாதி. மூல ஒலியை நடுவில் வலுவாக வைத்து, பெயர்த்தவற்றை அதைவிடக் கணிசமாகக் குறைத்து வைப்பதுதான் பாதுகாப்பு.

ஸ்பீக்கர் பேச்சு வந்ததால் ஒன்று சொல்கிறேன். மைக் ஓலமிடுவதைக் குறைப்பதற்கும் இதே கருவி பயன்பட்டிருக்கிறது. பெல் ஆய்வகத்தில் மன்ஃபிரெட் ஷ்ரோடர் 1960களின் தொடக்கத்தில் இதைக் காட்டினார். ஒரே அதிர்வெண் ஸ்பீக்கரிலிருந்து மைக்குக்கும் மைக்கிலிருந்து ஸ்பீக்கருக்கும் சுற்றிச் சுற்றிப் பெருகுவதுதான் ஓலம். ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய 5 ஹெர்ட்ஸ் நகர்த்திவிட்டால் அது பெருக இடம் கிடைக்காது, ஒலியைச் சில டெசிபெல் கூட்டி வைக்கலாம். அறிவிப்புக்கும் சொற்பொழிவுக்கும் நல்லது. நாதஸ்வரம் அதே மைக்கில் வாசிக்கப் போகிறது என்றால் அணைத்துவிடுங்கள்.

ரிங் மாடுலேட்டருக்கும் இதற்கும் என்ன உறவு?

ரிங் மாடுலேட்டர் இரண்டு ஒலிகளைப் பெருக்கும். 300 ஹெர்ட்ஸையும் 50 ஹெர்ட்ஸையும் பெருக்கினால் கூட்டல் 350-உம் கழித்தல் 250-உம் சேர்ந்தே வரும். ஃப்ரீக்வென்சி ஷிஃப்டர் அதில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழிக்கிறது. உள்ளே வரும் ஒலியை இரண்டு படியாக்கி, ஒன்றை மற்றதைவிடக் கால் சுற்று, அதாவது 90 பாகை, பிந்த வைக்கும். ஒரு படியைக் கொசைனாலும் இன்னொன்றைச் சைனாலும் பெருக்கும். இரண்டையும் கழித்தால் கீழ்ப்பக்கம் அழிந்து மேல்பக்கம் நிற்கும். கூட்டினால் நேர்மாறு. எல்லா அதிர்வெண்ணுக்கும் ஒரே மாதிரி 90 பாகை கொடுப்பதுதான் கடினமான பகுதி. அது சரியாக அமையாத கருவியில் அழிய வேண்டியது கொஞ்சம் கசியும்.

இந்த உத்தி வானொலியிலிருந்து வந்தது. இசைக்கான கருவியாக இதைக் கட்டமைத்தவர்களில் முக்கியமானவர் ஜெர்மனியில் பிறந்த ஹரால்ட் போடே. அவருடைய வடிவமைப்பை மூக் நிறுவனம் தன் மாடுலர் சிந்தசைசர் வரிசையில் விற்றது. அன்று பெரிய ஸ்டுடியோக்களில் மட்டுமே இருந்த ஒரு பெட்டியின் வேலையை இன்று பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய ஹெட்ஃபோனோடு ஒரு பிள்ளை செய்துகொண்டிருக்கிறான் என்பது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி.

காசு செலவில்லாமல் எதில் தொடங்கலாம்?

வல்ஹல்லாவின் ஃப்ரீக் எக்கோ இலவசம். ஷிஃப்டரும் டிலேயும் ஒரே வளையத்தில் இருப்பதால் மேலே சொன்ன ஏற்ற இறக்கத்தை உடனே கேட்கலாம். மெல்டா புரொடக்‌ஷனின் எம்ஃப்ரீக்ஷிஃப்டரும் இலவசம். ஏபிள்டன் லைவ் வைத்திருப்பவர்களுக்கு அதிலேயே ஷிஃப்டர் இருக்கிறது, லாஜிக்கில் ரிங்ஷிஃப்டர். இருப்பதை வைத்துத் தொடங்குங்கள், வாங்க வேண்டிய அவசியமே வராமல் போகலாம்.

திருவிழாவில் பதிவு செய்த அடியை இப்படி மாற்றலாமா? யாரும் கோபப்படுவார்களா?

கேட்டுவிட்டுச் செய்யுங்கள். உறுமி மேளத்தில் சில அடிகள் சாமி அழைப்பதற்கென்றே வாசிக்கப்படுபவை. அவற்றை நடனப் பாட்டுக்குள் உருமாற்றிப் போடுவதைச் சில மூத்தவர்கள் விரும்புவதில்லை. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. குழுத்தலைவரிடம் எந்த அடியை எடுக்கிறோம், என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லிவிட்டு, முடிந்தால் தனியாக ஒரு நாள் வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். வாசித்தவர்களின் பெயரைப் பாட்டோடு போடுங்கள், பணம் வந்தால் பங்கு கொடுங்கள். பதிவின் தரமும் கூடும். கூட்டத்தின் இரைச்சல் கலந்திருந்தால் ஷிஃப்டர் அதையும் சேர்த்தே நகர்த்தும்.

கைப்பேசியில் பதிவு செய்தால் போதுமா?

பழகுவதற்குப் போதும். ஒலி அளவைத் தானாகவே ஏற்றி இறக்கும் வசதியை அணைக்க முடிகிற செயலியில் பதிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு தப்படியின் தேய்வும் செயற்கையாக ஊதிவிடும். ஷிஃப்டரின் நயம் தெரிவதே அந்தத் தேய்வில்தான். தப்புக்கு நேர் எதிரே வைக்காமல் பக்கவாட்டில் இரண்டு மூன்று அடி தள்ளி வையுங்கள். தோலைக் காய்ச்சி இறக்கிய உடனே ஒருமுறையும், தளர்ந்த பிறகு ஒருமுறையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டின் அதிர்வெண் அடுக்கும் வேறு வேறு, ஒரே எண்ணை வைத்தாலும் வெளியே வரும் ஒலியும் வேறு.